உடல் நிறையும் ஒவ்வாத உணவும்



திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. பெயரைக் கண்டு குளிகைகளையும் கஷாயங்களையும் எதிர்பார்த்து அதனைத் திறப்பவர் ஏமாற்றமடைவர். முன் உண்டது செரித்த பின் உண்ணல், உடலோடு மாறுகொள்ளாததைத் தேர்ந்து உண்ணல், அளவறிந்து உண்ணல் ஆகியவையே அங்குப் பெரிதும் பேசப்படுகின்றன. செரிமானம், ஒவ்வாமை, அளவு என்னும் இவை மூன்றும் வெவ்வேறு செய்திகள். உடல் நிறையைக் குறைக்க முயலும் பலர் இக்காலத்தில் இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டு இடர்ப்படுகின்றனர். அவ்விடர் எங்ஙனம் நேர்கிறது, அதனின்று நீங்கும் வழி யாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சோறு, பாண், பிட்டு, இடியப்பம், கிழங்கு, சீனி ஆகியவற்றைக் குறைத்து, முட்டை, மீன், இறைச்சி, தயிர், கச்சான், கீரை, காய்கறி முதலியவற்றை மிகுதியாக உண்ணும் வழக்கம் இப்பொழுது பட்டணங்களில் மட்டுமன்றி எங்கள் வன்னிக் கிராமங்களிலும் பரவியுள்ளது. இதனை மாப்பொருள் குறைத்த உணவு முறை எனலாம். இதனைக் கைக்கொள்வோர் முதல் மாதத்தில் மூன்று நான்கு கிலோ குறைந்து மகிழ்கின்றனர். இரண்டாம் மாதத்தில் அம்மகிழ்ச்சி தளர்கிறது. மூன்றாம் மாதத்தில் தராசின் முள் அசைய மறுக்கிறது. அவ்வேளையில் வயிற்றுப் பொருமலோ, மலச்சிக்கலோ, கழிச்சலோ உடன்வந்து சேருமாயின், "எனக்கு ஏதோ ஓர் உணவு ஒத்துக்கொள்ளவில்லை, அதுவே நிறை குறையாமல் தடுக்கின்றது" என்று அவர்கள் முடிவு செய்துவிடுகின்றனர்.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் அவ்வாறு முடிவு செய்தவர். நீரிழிவு கண்ட பின்னர் அவர் சோற்றைக் குறைத்தார், நிறையும் குறைந்தது, பின்னர் நின்றது. உடனே பாலை நிறுத்தினார். இரண்டு வாரம் பொறுத்து முட்டையை நிறுத்தினார். அதன்பின் மீன், கத்தரிக்காய், பயறு என ஒவ்வொன்றும் அவருடைய தட்டிலிருந்து விடைபெற்றது. அவர் ஐயுறாத பொருள்கள் இரண்டே: தேங்காயும் கச்சானும். நிறை குறையவில்லை; வயிற்றுத் தொல்லையும் தீரவில்லை; மூன்றாம் பாடவேளைக்குள் நாற்காலியைத் தேடும் அளவுக்குச் சோர்வு மாத்திரம் வந்து சேர்ந்தது. இவரைப் போன்றோர் ஊர்தோறும் இருத்தலினாலேயே இதனைக் கூறுகின்றேன்.

இவ்வுணவு முறை நேற்று முளைத்ததன்று. இலண்டன் மாநகரில் ஈமக்கிரியைகளை ஒழுங்கு செய்யும் தொழில் நடத்திய வில்லியம் பாண்டிங் என்பார், தமது அறுபதுகளின் நடுப்பகுதியில் 202 இறாத்தல் நிறையுடையவராய்ப் படியிறங்கவும் இடர்ப்பட்டார். வில்லியம் ஹார்வி என்னும் வைத்தியர் அவருக்குப் பாண், சீனி, உருளைக்கிழங்கு, பால், பியர் ஆகியவற்றைக் குறைக்குமாறு கூறினார். பாண்டிங் ஏறத்தாழ ஓராண்டில் 46 இறாத்தல் குறைந்து, அவ்வனுபவத்தை 1863ஆம் ஆண்டில் சிறு நூலாக வெளியிட்டார். அமெரிக்க வைத்தியர் அட்கின்ஸ் 1972இல் எழுதிய நூல் அதே வழியை மீண்டும் உலகறியச் செய்தது. தமிழ்நாட்டில் 2010களில் 'பேலியோ' என்னும் பெயரோடு இம்முறை பரவிற்று. நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' என்னும் நூல் பலருடைய கைகளில் தவழ்ந்தது. கைத்தொலைபேசியின் வழியாக அதே அலை பாக்குநீரிணையைக் கடந்து எம்மிடமும் வந்தது.

அது வந்து சேர்ந்த நிலமும் அதனை வரவேற்கத்தக்க நிலமாய் இருந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த நாடளாவிய நீரிழிவு ஆய்வில், இருபது வயதுக்கு மேற்பட்டோருள் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருத்தல் கண்டறியப்பட்டது. போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. பின்வந்த 2018, 2019ஆம் ஆண்டுகளின் ஆய்வோ, வளர்ந்தோருள் ஐவரில் ஒருவருக்கும் மேலாக இந்நோய் இருப்பதாகக் காட்டிற்று. வன்னி மக்களின் உணவு வரலாற்றையும் இங்கு மறத்தல் இயலாது. 2009ஆம் ஆண்டில் எமது செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்தனர். 2012 செப்டெம்பரிலேயே அம்முகாம் முற்றாக மூடப்பட்டது. அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்பனவே நிவாரணப் பங்கீட்டின் முதன்மையான பொருள்கள். உயிரைக் காத்த உணவு அது. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வீடு திரும்பிய பின்னரும் மாவும் சீனியும் எம் அடுப்படியை விட்டு அகலவில்லை. ஆதலின் மாப்பொருளைக் குறைக்க முற்படுவது நற்செயலே. அதனை அறிவோடு செய்தல் வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

முதலில், நிறை ஏன் விரைந்து குறைந்து பின் நின்றுவிடுகின்றது என்பதைக் காண்போம். நாம் உண்ணும் மாப்பொருளின் ஒரு பகுதி கிளைக்கோசன் என்னும் வடிவில் ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகின்றது. அதன் அளவு ஏறத்தாழ அரைக் கிலோ. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் மூன்று கிராம் அளவிலான நீரைத் தன்னோடு பிணைத்து வைத்திருக்கின்றது. சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் இச்சேமிப்புக் கரைய, அதனோடு சேர்ந்திருந்த நீரும் வெளியேறுகின்றது. தராசு ஒன்றிரண்டு கிலோ குறைத்துக் காட்டுவது இதனாலேயே. அது பெரும்பாலும் கொழுப்பன்று; நீர். அந்த வேகத்தை மனத்திற்கொண்டு பின்வரும் மாதங்களை அளப்பவர்க்கு ஏமாற்றம் உறுதி.

அதன் பின்னர் நிகழ்வதை எங்கள் குளத்தை வைத்தே விளக்கலாம். மாரியில் நிரம்பிய குளத்தின் துருசைத் திறந்தால் நீர் சீறிப் பாய்கின்றது. நீர்மட்டம் தாழத் தாழ, துருசு அதே அளவில் திறந்திருப்பினும் பாய்ச்சல் தளர்கின்றது. மேலிருந்து அழுத்தும் நீரின் உயரம் குறைந்துவிட்டமையே காரணம். சிறிதளவு நீர் வாய்க்கால் வழியே குளத்துக்குள் வந்துகொண்டிருக்குமாயின், வரவும் செலவும் ஒத்த இடத்தில் மட்டம் நின்றுவிடும். உடலும் அத்தகையதே. எண்பது கிலோ உடலைச் சுமந்து நடக்க வேண்டிய சக்தி எழுபத்திரண்டு கிலோ உடலுக்கு வேண்டுவதில்லை. ஆகவே செலவு குறைகின்றது. மறுபுறம் பசி வளர்கின்றது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் ஹோலும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட கணிப்பின்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் செலவு 20 முதல் 30 கலோரி வரை தாழ்கின்றது. உண்ணும் வேட்கையோ ஏறத்தாழ 100 கலோரி உயர்கின்றது. தேக்கம் என்பது நோயுமன்று, தோல்வியுமன்று. இழந்ததை மீட்க உடல் கையாளும் இயற்கையான தற்காப்பு அது.

இனி, நாம் அறியாமலே குளத்துக்குள் நீர் கொணரும் வாய்க்கால்களைப் பார்ப்போம். வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரி அளவில் உண்டு. தேங்காய் 100 கிராமில் 350 கலோரி. கச்சான் 100 கிராமில் 560 கலோரிக்கும் மேல். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி. குவித்த ஒரு கோப்பைச் சோற்றை, அதாவது 400 கிராமை, ஒருவர் துறக்கின்றார். அவர் விட்டது 520 கலோரி. மாலையில் பத்திரிகை படித்தவாறே 100 கிராம் கச்சானைக் கொறித்துவிடுகின்றார்; விட்டதற்கு மேலாகவே திரும்ப வந்துவிட்டது. கச்சானில் மாப்பொருள் குறைவு என்பது உண்மை. அதனால் அதனை எவ்வளவும் உண்ணலாம் என்பது உண்மையன்று. நான் கூறிய ஆசிரியரின் நிறை நின்றமைக்குக் காரணம் பாலுமன்று, முட்டையுமன்று. அவர் ஐயுறாத அவ்விரு பொருள்களுமே.

அங்ஙனமாயின் ஒவ்வாமை என்பதே பொய்யோ என்று கேட்பீர்கள். அன்று. அது மெய், ஆயின் வேறு பொருள். இங்கும் இரண்டினைப் பிரித்தறிதல் வேண்டும். இறால், கச்சான், முட்டை, பால் போன்ற ஒன்றை உண்ட சிறிது நேரத்தில் உடல் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டுமாயின், அது குருதியிலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் விளைக்கும் கடும் ஒவ்வாமை. அணுவளவும் ஆபத்தானது, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். மற்றையது, குடலால் ஓர் உணவைச் செவ்வனே செரிக்க இயலாமையால் எழும் பொருமலும் கழிச்சலும். இது துன்பந்தரும், உயிருக்கு ஊறு செய்யாது, பெரும்பாலும் அளவைப் பொறுத்தது.

இவ்விரண்டாம் வகைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு பால். பாலிலுள்ள சர்க்கரைக்கு இலற்றோசு என்பது பெயர். அதனைச் செரிக்க உதவும் இலற்றேசு என்னும் நொதியம் குழந்தைப் பருவத்தில் நிறைய உண்டு. உலகில் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு அது பிற்காலத்தில் குறைந்துவிடுகின்றது. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் இலற்றோசைத் தொல்லையின்றித் தாங்குவர். ஒரு தம்ளர் பாலில் உள்ளது 10 கிராம் அளவே. பால்மாத் தேநீர் ஒன்றில் அதனினும் குறைவு. தயிரிலோ, உறை போட்ட நுண்ணுயிர்கள் ஒரு பகுதியைத் தாமே செரித்து வைத்திருக்கின்றன. ஆகவே பால் ஒவ்வாதவர் தயிரையும் சேர்த்து ஒதுக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

அடுத்தது கோதுமை. கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் சிதையும் நோய் ஒன்று உண்டு. அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் டிக்கே என்பார் இதன் காரணத்தை நெடுநாள் ஐயுற்றிருந்தார். இரண்டாம் உலகப் போரின் ஈற்றில், 1944–45 மாரியில், அந்நாட்டில் பாண் கிடையாத பஞ்சம் நேர்ந்தபோது, இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். பாண் திரும்பியதும் மீண்டும் நோயுற்றனர். அவர் தம் ஆய்வினை 1950இல் வெளியிட்டார். இந்தியாவில் 2016இல் வெளியான ஆய்வின்படி வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவர் அளவிலும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலுமே இந்நோய் காணப்பட்டது. ஆதலின் பாண் உண்டதும் வயிறு ஊதுவோர் அனைவரும் குளூட்டன்மீது பழிபோடுதல் தகாது. நோர்வேயில் 2018இல் வெளியான ஆய்வொன்றில், தமக்குக் குளூட்டன் ஒவ்வாது என நம்பிய 59 பேருக்கு, உள்ளே இருப்பது யாதென்று அறிவிக்காமல் மூவகைத் தின்பண்டம் கொடுத்தனர். மிகுந்த தொல்லை விளைத்தது குளூட்டன் அன்று. கோதுமையில் உள்ள புரக்டன் என்னும் வேறொரு மாப்பொருளே. அது வெங்காயத்திலும் உள்ளியிலும் உண்டு. பாணைத் துறந்து, முட்டைப் பொரியலில் வெங்காயத்தை அள்ளிப் போடுபவர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

சோற்றுக்குப் பதிலாகக் கடலையும் கௌபியும் மிகுதியாக உண்போர்க்கு வாயுத் தொல்லை நேர்வதும் இயல்பே. அவற்றை இரவெல்லாம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அவிப்பது எம் பாட்டிமார் அறிந்த வழி. அவ்வாறு செய்தால் வாயு விளைக்கும் சர்க்கரைகளின் ஒரு பகுதி நீங்கிவிடும். சீனியில்லாதது என விற்கப்படும் இனிப்புகளிலுள்ள சோபிற்றோல், மோற்றிற்றோல் போன்றவையும் பொருமலையும் கழிச்சலையும் தரவல்லன. இன்னும் ஒன்று உண்டு. அதனைப் பலர் நினைப்பதேயில்லை. நீரிழிவுக்கு வழங்கப்படும் மெற்போமின் என்னும் குளிகையே சிலருக்கு வயிற்றுப் போக்கை உண்டாக்கும். உணவோடு சேர்த்து உட்கொள்ளுதல், அளவை மெல்ல உயர்த்துதல் போன்ற எளிய மாற்றங்களை வைத்தியர் கூறுவார். மேற்சொன்ன ஆசிரியரின் வயிற்றுத் தொல்லை தீர்ந்தது இவ்வாறே. நிரபராதியான முட்டை மீண்டும் அவருடைய தட்டுக்கு வந்தது.

இப்பொழுது நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை கூறலாம். ஒவ்வாத உணவு நிறை குறைவதைத் தடுக்குமா? வயிறு பொருமி, மலம் கட்டி, உடலில் நீர் தங்கினால் தராசு ஒன்றிரண்டு கிலோ கூட்டிக் காட்டும். பெண்களுக்கு மாதந்தோறும் நேரும் நீர்த்தேக்கமும் அத்தகையதே. கொழுப்புக் கரைவதை அது நிறுத்துவதில்லை. சீலியாக் நோயுற்றோருள் பலர் மெலிவதே இதற்குச் சான்று. வயிற்றுத் தொல்லைக்கு உணவை ஆராய்க. நிறைத் தேக்கத்துக்கு அளவையும் நடையையும் உறக்கத்தையும் ஆராய்க. ஒன்றின் பழியை மற்றொன்றின்மீது சுமத்தற்க.

ஆராயும் முறை கடினமன்று. ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, உண்டது, உண்ட அளவு, நேரம், வயிற்றின் நிலை ஆகியவற்றை இரண்டு வாரம் எழுதுக. ஐயம் ஓர் உணவின்மீது வீழுமாயின், அந்த ஒன்றை மாத்திரம் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்துக. தொல்லை நீங்கினால் அதனை மீண்டும் சிறுகச் சிறுக உண்டு பார்க்க. திரும்பவும் தொல்லை வந்தாலன்றி, அவ்வுணவைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தல் ஆகாது. கோதுமையில் ஐயம் உண்டாயின், அதனை நிறுத்துவதற்கு முன்னரே குருதிச் சோதனை செய்வித்தல் வேண்டும். நிறுத்திய பின் செய்யும் சோதனை நோயை மறைத்துவிடக்கூடும். ஒரு துளிக் குருதியால் நூறு உணவுகளின் ஒவ்வாமையையும் கூறுவதாக விளம்பரப்படுத்தப்படும் சோதனைகள் பலவும் ஐஜீஜீ என்னும் எதிர்ப்புப் பொருளை அளப்பவை. அது உண்ட உணவை உடல் அறிந்திருப்பதைக் காட்டுவதேயன்றி ஒவ்வாமையைக் காட்டுவதன்று என ஐரோப்பிய ஒவ்வாமை வைத்தியக் கழகம் 2008இலேயே அறிவித்துவிட்டது. அதற்குச் செலவிடும் பணத்துக்கு மீன் வாங்கி உண்ணலாம்.

உணவு முறையைத் தொடங்குமுன் அறிய வேண்டிய எச்சரிக்கைகள் இரண்டு. இன்சுலின் ஏற்றுவோரும், கிளிக்கிளசைட்டு, கிளிபென்கிளமைட்டு போன்ற குளிகைகள் உட்கொள்வோரும், மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மாத்திரம் குறைத்தால், குருதியிலுள்ள குளுக்கோசு ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் வரலாம். அவர்கள் முதலில் நீரிழிவுச் சிகிச்சை நிலையத்தில் கூறி, மருந்தைச் சரிசெய்த பின்னரே தட்டைச் சரிசெய்தல் வேண்டும். இரண்டாவது எங்கள் பகுதிக்கே உரியது. வட மத்திய மாகாணத்தில் 1990களில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட, காரணம் முற்றாகத் தெளியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா மாவட்டத்தையும் தொட்டுள்ளது; செட்டிகுளமும் அதற்கு விலக்கன்று. அந்நோய் வெளிக்குறியின்றியே நெடுநாள் வளரும். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு மிகுதியான இறைச்சியும் முட்டையும் சுமையாகும். குருதியில் கிரியற்றினினையும் சிறுநீரில் அல்புமினையும் சோதித்த பின் தொடங்குவதே எம் போன்றோர்க்கு அறிவுடைமை.

எவ்வளவு குறைப்பது என்னும் வினா எஞ்சுகின்றது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தோர் சராசரியாக 5.3 கிலோவும், மாப்பொருளைக் குறைத்தோர் 6 கிலோவும் இழந்தனர், வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. சென்னை வைத்தியர் வி. மோகன் முதலியோர் 18,090 பேரின் உணவுக் குறிப்புகளைக் கொண்டு 2022இல் கணித்தபோது, புதிதாக நீரிழிவு கண்டோர்க்கு மாப்பொருளின் பங்கு மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதமாக இருத்தல் தகும் என்றனர். சோற்றை அடியோடு துறக்க அவர்கள் கூறவில்லை. தட்டின் பாதியைக் காய்கறிக்கும் கீரைக்கும், காற்பங்கை மீனுக்கோ பருப்புக்கோ, காற்பங்கைச் சோற்றுக்கோ பிட்டுக்கோ அளித்தால் பெரும்பாலோர் இவ்வளவுக்கு அண்மையில் வந்துவிடுவர். நெடுநாள் கைக்கொள்ள இயலும் முறையே நல்ல முறை.

வளரும் பிள்ளைகளை இம்முறைக்குள் இழுத்தல் கூடாது என்பதையும் ஆசிரியன் என்ற வகையில் வற்புறுத்துகின்றேன். தாய் உணவை அஞ்சி ஒதுக்குவதைக் கண்ட மகள் காலையுணவின்றிப் பாடசாலைக்கு வருகின்றாள். பாத்திரம் ஏந்தி வரிசையில் நின்ற ஒரு சமூகம், ஒரு தலைமுறைக்குள் உணவைப் பகையாக எண்ணத் தொடங்குவது வருந்தத்தக்கது. உங்கள் வீட்டில் எவரேனும் அண்மையில் ஓர் உணவை ஒதுக்கியிருப்பாராயின், அது எந்தச் சான்றைக் கொண்டு ஒதுக்கப்பட்டது என்று இன்றிரவு அமைதியாக ஒருமுறை கேளுங்கள். சான்று இல்லையேல், அவ்வுணவைச் சிறிதளவு நாளைய தட்டில் வைத்துப் பாருங்கள். உண்டபின் மூச்சு முட்டியோ உடல் வீங்கியோ ஒதுக்கப்பட்டதாயின், வைத்தியரிடம் கேளாமல் அதனைத் தொடவேண்டாம்.